ஸ்கேனரைக் காட்டாதீர்கள், பிளையரைக் காட்டுங்கள்

கிள்ளான் காப்பார் சாலைப் பக்கம் வாகன வயரிங் பட்டறை நடத்துகிறேன். வருவதில் பாதிக்கு மேல் துறைமுகத்துக்கு ஓடும் கொள்கலன் லோரிகள். மீதி மைவி, சாகா, டேஷ்கேம் மாட்டிய மறுவாரமே பேட்டரி இறங்கிப்போன கார்கள். இன்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலாளி பெருமையாக எடுத்து வைப்பது வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர். ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கியது, காட்டட்டும். ஆனால் அந்தப் பட்டறையின் வேலை எப்படி என்று எனக்குச் சொல்வது ஸ்கேனர் இல்லை. வயர் முனையில் டெர்மினலை அமுக்கிப் பொருத்துகிற கிரிம்பிங் பிளையர். பல இடங்களில் அது இணையத்தில் இருபது வெள்ளிக்கு வாங்கிய தகட்டுப் பிளையர். வயர் வெட்டவும் அதுவே, தோல் உரிக்கவும் அதுவே, எல்லா டெர்மினலையும் நசுக்கவும் அதுவே.

அதன் விளைவு இங்கே வந்து நிற்கும். டிரெய்லரின் பிரேக் விளக்கு ஒரு நாள் எரிகிறது, ஒரு நாள் இல்லை. பல்ப் மாற்றியாயிற்று, ரிலே மாற்றியாயிற்று, சுவிட்சும் புதுசு. கடைசியில் சேஸிஸ் ஓரம் ஒரு டெர்மினல். வயரை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. ஸ்கேனர் இதைச் சொல்லாது.

நல்ல கிரிம்பை ஒருமுறை குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உருண்டையாக இருந்த செம்பு இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, தேன்கூட்டின் அறைகளைப் போல மூலை மூலையாக மாறியிருக்கும். நடுவில் காற்றுக்கே இடம் இருக்காது. காற்று போகாத இடத்தில் ஈரமும் போகாது, துறைமுகத்து உப்பும் போகாது. தகட்டுப் பிளையரில் நசுக்கியதை அறுத்தால் இழைகள் அப்படியே உருண்டையாக, நடுநடுவே கறுப்பு ஓட்டைகளோடு இருக்கும். அந்த ஓட்டைகளில்தான் பச்சை பிடிக்கும்.

பச்சை பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். காரின் இரண்டு 55 வாட் முன்விளக்குகளும் ஒரே எர்த்து டெர்மினல் வழியாகப் போகின்றன என்று வையுங்கள். ஏறக்குறைய 9 ஆம்பியர். அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். 8 வாட் வெப்பம் விரல்நுனி அளவு இடத்தில் தேங்கும். விளக்கு மங்கும், பிளாஸ்டிக் இளகும். பியூஸ் போகாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லையே.

எந்தப் பிளையர் வாங்குவது என்று பையன்கள் கேட்கும்போது, எந்த டெர்மினல் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிவப்பு, நீலம், மஞ்சள் உறை போட்டவற்றுக்கு ஒரு தாடை. கார் கம்பெனி சாக்கெட்டுக்குள் இருக்கும் திறந்த டெர்மினலுக்கு வேறு தாடை: அதன் முன் ஜோடி இறக்கைகள் செம்பின் மேல் சுருண்டு உள்ளே இறங்க வேண்டும், பின் ஜோடி வயரின் தோலைப் பிடிக்க வேண்டும். பின் ஜோடியை யாரும் மதிப்பதில்லை. லோரியின் அதிர்வைத் தாங்குவது அதுதான். டாய்ச் சாக்கெட்டின் கெட்டிப் பின்களுக்கு நாலு பக்கமும் குத்தி அமுக்கும் தனிக் கருவி. அசல் வாங்கினால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். சிறு பின்களுக்கு ஜப்பானிய எஞ்சினியர் பிஏ-09 நல்ல சாமான்; அதை வைத்து பேட்டரி லக்கை அமுக்கப் போகாதீர்கள், அதற்கு ஹைட்ராலிக்தான்.

தினசரி வேலைக்கு முதலில் ராட்செட் உள்ளது வாங்குங்கள். முழுசாக அமுக்கி முடிக்கும்வரை அது விடாது. மாலை ஆறு மணிக்குக் கை சலித்துப்போனவன் அமுக்கினாலும் காலையில் அமுக்கிய அதே அளவுதான் வரும். தாடை மாற்றக்கூடியது என்றால் இன்னும் நல்லது. ஜாலான் பாசார் கடைகளில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். நாலு டெர்மினலும் வயர்த் துண்டும் பையில் கொண்டு போங்கள்.

"ஈயம் வைத்தால் போதாதா?" என்று பழைய வயர்மேன் அண்ணன்மார் கேட்பார்கள். அவர்கள் பற்றவைத்த ரேடியோ இன்றும் பாடும், மறுக்கவில்லை. ஆனால் ரேடியோ மேசையில் இருக்கிறது. ஓடும் வண்டியில் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சியாக்கிவிடும். ஈயம் முடிகிற இடத்தில் அது ஆடி ஆடி முறியும். 1941-இல் அமெரிக்காவில் விட்டேக்கர் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் ஈயமில்லாத டெர்மினல்களைப் போர் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்து கொடுத்தது. ஆகாயத்தில் நின்றது காப்பார் சாலையில் நிற்காதா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற கார்களை அவிழ்த்தபோது, கம்பெனி அமுக்கிய இணைப்புகள் பல தப்பியிருந்தன. பிற்பாடு யாரோ நசுக்கி டேப் சுற்றியவைதான் முதலில் பச்சைப் பொடியாய் உதிர்ந்தன.

நம் பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்புங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், சரிதான். பயிற்சி முடித்த பையன்கள் என்னிடம் வருகிறார்கள். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிகிறது. கிரிம்பை இழுத்துப் பார்க்கத் தெரியவில்லை, அறுத்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. மாநாட்டுக்கும் மாலைக்கும் செலவழிக்கிற அமைப்புகள், வயரிங் படித்து முடிக்கும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ராட்செட் பிளையரும் மூன்று ஜோடித் தாடையும் வாங்கிக் கொடுக்கட்டும். இருநூறு, முந்நூறு வெள்ளிக்குள் முடிகிற காரியம். மாணவன் அமுக்கிய டெர்மினலை ஆசிரியர் அறுத்துப் பார்த்து மதிப்பெண் போடட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கார் வைத்திருக்கும் ஐயாமார்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை டேஷ்கேம் மாட்டப் போகும்போது, வயரை எதனால் இணைப்பீர்கள் என்று கேளுங்கள். பையிலிருந்து டேப் மட்டும் வெளியே வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.