காத்துக்கு வழி விடாத கேன்

நேத்து காலையில அஞ்சரை மணிக்கு வாழைத்தோட்டத்துல இன்ஜினுக்கு டீசல் ஊத்தினேன். ஊத்த வேண்டியது அஞ்சு லிட்டர். நாலரை லிட்டர் டேங்குக்குள்ள போச்சு. மீதி அரை லிட்டர் என் இடது கால்லயும் வரப்புலயும் போச்சு. டீசல் பட்ட கால் நாள் முழுக்க நாறும், சோப்பு போட்டாலும் போகாது. வீட்டுல பக்கத்துல சேக்க மாட்டாங்க. வாரத்துல ரெண்டு மூணு தடவை இதே கதைதான். கை நடுங்குற வயசு எனக்கு இன்னும் வரலை. கோளாறு கேன்ல இருக்கு.

ஒரு கேனைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு நீங்க நினைக்கலாம். உங்க வண்டிக்கு எண்ணெய் வேணும்னா வண்டியே பல்க்குக்குப் போயிடும். என் இன்ஜின் போகாது. அது வாய்க்கால் கரையில ரெண்டு கல்லு மேல உக்காந்திருக்கு. களை வெட்டுற மிஷினும் போகாது, மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் போகாது. எண்ணெய்தான் அதுகளைத் தேடி வரணும். அப்படி வரணும்னா ஒரு பாத்திரம் வேணும்லா. அந்தப் பாத்திரத்தை ஒழுங்கா செய்ய இந்தக் காலத்துல ஆள் இல்லங்கறதுதான் என் ஆத்தாமை.

போன வருஷம் தூத்துக்குடியில புதுசா ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் வாங்கினேன். மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு குழாய், அதுல ஸ்பிரிங் வச்ச பூட்டு. பூட்டைப் பெருவிரலால அமுக்கிப் பிடிச்சாத்தான் எண்ணெய் வரும். கேன் நிறைய டீசல் இருந்தா 16 கிலோவுக்கு மேல கனம். அதை ஒரு கையில தூக்கி, இன்னொரு கையால அடியைத் தாங்கி, மூணாவது கையால பூட்டை அமுக்கணும். எனக்கு ரெண்டு கைதான். சரி, எப்படியோ அமுக்கிட்டோம்னு வைங்க. காத்து உள்ள போறதுக்கு வேற ஓட்டையே கிடையாது. ஒரே வாய் வழியா எண்ணெய் வெளிய வரணும், காத்து உள்ள போகணும். ஒத்தையடிப் பாதையில ரெண்டு மாட்டு வண்டி எதிரெதிரா வந்த மாதிரி. குளுக்... குளுக்... ஒவ்வொரு குளுக்குக்கும் ஒரு துள்ளு. அந்தத் துள்ளுதான் என் கால்ல விழுறது.

அமெரிக்காவுல இருக்கிற அக்கா மகன்கிட்ட போன்ல இதைச் சொன்னேன். "மாமா, இங்கயும் இதே பாடுதான்"னு சிரிக்கிறான். அங்க 2009-லருந்து புதுசா செய்யிற பெட்ரோல் கேன் எல்லாம் ஆவி வெளிய கசியாத மாதிரி இருக்கணும்னு அரசாங்க விதி. நோக்கம் நல்ல நோக்கம்தான், பெட்ரோல் ஆவி காத்தைக் கெடுக்கும். அந்த விதிக்குள்ள அடங்கணும்னு கம்பெனிகள் தனிக் காத்துத் துவாரத்தை எடுத்துட்டு, தானா மூடிக்கிற மூக்கை மாட்டிட்டாங்க. அவன் வீட்டுல புல்லு வெட்டுற மிஷினுக்கு ஊத்துறப்போ பாதி புல்லுலதான் போகுதாம். ஆவியைப் பிடிக்கப் போயி எண்ணெயையே கீழ ஊத்துற யோசனை யாருக்கு வந்ததோ!

அந்தக் காலத்துல எங்க தாத்தா வீட்டுல 18 லிட்டர் மண்ணெண்ணெய்த் தகர டின்னு இருந்துச்சு. எண்ணெய் தீந்ததும் மேல்மூடியை வெட்டி, குறுக்க ஒரு கட்டையை அடிச்சு, தண்ணி சுமக்கிறதுக்கு வச்சுக்கிடுவாங்க. நாலு கேலன் டின்னுன்னு பேரு. அதே மாதிரி மெல்லிசுத் தகர டின்னைத்தான் இரண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல பிரிட்டிஷ்காரன் பெட்ரோல் கொண்டு போக வச்சிருந்தான். வண்டி குலுங்குற குலுக்கல்ல ஓரம் விட்டு ஒழுகி, கொண்டு போனதுல பெரும் பங்கு மணல்லயே போச்சு. ஜெர்மன்காரன்கிட்ட வேற கேன் இருந்துச்சு. 1937 வாக்குல செஞ்சது, 20 லிட்டர். மேல மூணு கைப்பிடி. ரெண்டு பேர் சேந்தும் தூக்கலாம், காலி கேன்னா ஒரே கையில ரெண்டு பிடிக்கலாம். திருகு மூடி கிடையாது, லீவரைத் தட்டினாத் திறக்கும், தட்டினா மூடும். வாய்க்குள்ள சின்னதா ஒரு காத்துக் குழாய், அது மேல இருக்கிற காத்துப் பையில போய் நிக்கும். அதனால குளுக் சத்தமே வராது, தண்ணி மாதிரி ஊத்தும். பிரிட்டிஷ்காரன் கையில சிக்கின கேனை விடவே இல்ல, அப்படியே பாத்து அவனும் செஞ்சான். ஜெர்மன்காரனுக்கு அவன் வச்ச பட்டப்பேரு ஜெர்ரி. ஜெர்ரி கேன்ங்கிற பேரு வந்தது அப்படித்தான்.

இதுல நம்ம நாட்டுக்கும் ஒரு ஒட்டு இருக்கு. 1939-ல பால் பிளீஸ்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் ஒருத்தர் பெர்லின்லருந்து கார்லயே கல்கத்தாவுக்கு வந்தார். கூட வந்த ஜெர்மன்காரர், வழியில தண்ணி வச்சுக்கிட ராணுவ கேன் மூணை எடுத்துக்கிட்டு வந்தார். அந்த கேனோட சூட்சுமத்தை அமெரிக்க ராணுவத்துக்கு எடுத்துச் சொன்னது பிளீஸ்தான். அவங்க முதல்ல காதுலயே போட்டுக்கிடலையாம்.

ஆக, 1937-லயே விடை தெரிஞ்ச கணக்கு. அதை இப்ப தப்பாப் போட்டுக்கிட்டு இருக்கோம்.

இனி பல்க்குக்கு வருவோம். நான் கேனோட போய் நின்னா, ஒரு நாள் ஊத்துவாங்க, மறுநாள் "கேன்ல கிடையாது அண்ணாச்சி"ம்பாங்க. கேன்ல கொடுக்க யோசிக்கிறதுக்குக் காரணம் இல்லாம இல்ல. 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமையில ஒரு குடும்பமே மண்ணெண்ணெய் ஊத்தித் தீக்குளிச்சதே, அதுல ரெண்டு சின்னப் புள்ளைங்க. அந்தப் படத்தைப் பாத்தவன் எவனும் கையில எண்ணெயோட நிக்கிறவனை ஒரு நிமிஷம் உத்துப் பாக்கத்தான் செய்வான். நான் குறை சொல்லலை.

ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாக்கணும்லா. 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விக்கிறதுக்கு இல்லாம சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரைக்கும் பெட்ரோல் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கிடலாம். கண்ணாடி, பீங்கான் பாத்திரம்னா ஒரு லிட்டர், உலோகப் பாத்திரம்னா 25 லிட்டர், இறுக்கி மூடியிருக்கணும். டீசல் அவ்வளவு சட்டுனு பத்தாது, அதனால அதுக்கு இன்னும் தாராளம், 2,500 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோலுக்கு பிளாஸ்டிக்குங்கற பேச்சே அந்தப் பிரிவுல இல்ல. ஆனா பெட்ரோலுக்குன்னு செஞ்ச நல்ல உலோக கேன் எந்தக் கடையில தொங்குது? கடையில கிடைக்காது, பல்க்குல சில நாள் கிடைக்காது. அப்போ மனுசன் என்ன செய்வான்? பைக் டேங்குல நிரப்பிட்டு வந்து, டியூப்பைப் போட்டு வாயால உறிஞ்சி, குடிதண்ணி பாட்டில்ல பிடிச்சு வைப்பான்.

எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையன் அப்படித்தான் பிடிச்சு வச்சிருந்தான். ரெண்டு லிட்டர் கலர் பாட்டில். ஸ்பிரேயர் பாதியில நின்னுபோச்சு, சூடு ஆறலை, அவசரம். பாட்டிலைச் சாய்ச்சதும் ஒரு குளுக், சைலன்சர் மேல நாலு சொட்டு. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. இன்னும் அந்தக் கையை முழுசா மடக்க வரல. பந்தல்ல வெத்திலை கிள்ளுற கை அது. தடுக்கணும்னு போட்ட தடை, இருக்கிறதுலயே மோசமான பாத்திரத்தை அவன் கையில கொடுத்துட்டுப் போயிருக்கு. என் கோவமெல்லாம் இங்கதான்.

எனக்கு வழி காட்டினது கடல்காரங்கதான். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வெள்ளம். தாமிரபரணி கடல்ல சேருற இடம் எங்க ஊரு. மேல பேஞ்ச தண்ணி எல்லாம் எங்க தலை மேலதான் வந்து இறங்கணும். தோட்டத்துல இடுப்புத் தண்ணி. வாழை நாலஞ்சு நாள் தண்ணியில நின்னா கிழங்கு அழுகிடும். கரண்ட் இல்ல, மோட்டார் முங்கிப் போச்சு, ரோடு அறுந்து கிடக்கு. பரண்ல தூக்கி வச்சிருந்த டீசல் இன்ஜின் மட்டும்தான் மிச்சம், எண்ணெய் இல்ல. ஃபைபர் போட்டு வச்சிருக்கிற ஒரு அண்ணன் எங்கிருந்தோ ரெண்டு கேன் டீசல் பிடிச்சு, வள்ளத்துலயே கொண்டு வந்து இறக்கினார். நான் ஊத்துற லட்சணத்தைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். "ஏ தம்பி, இந்த நேரத்துல இதைப் போயி சிந்துறியே. காத்து போக வழி விடாம எண்ணெயை மட்டும் வரச் சொன்னா எப்படிடே வரும்?"னு கேட்டுட்டு, அவரு இன்ஜின் டியூப்பைக் கழட்டிட்டு வந்தார்.

வள்ளத்து அவுட்போர்டு இன்ஜினோட எண்ணெய் டேங்கை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மூடியில ஒரு சின்னத் திருகு இருக்கும். ஓடுறப்போ அதைத் திறந்து விட்டா காத்து உள்ள போகும், கரைக்கு வந்து மூடி வச்சா ஆவி வெளிய வராது. டேங்குலருந்து போற டியூப்புக்கு நடுவுல மாங்காய் அளவுக்கு ஒரு ரப்பர் பல்பு. அதுல அம்புக்குறி போட்டிருக்கும். அந்தத் திசை பாத்து நாலு தடவை அமுக்கினா எண்ணெய் தானா ஏறி வந்துடும். கேனைத் தூக்கவே வேண்டாம். அன்னைக்கு ஒரு சொட்டு சிந்தலை. மூணு நாள் இறைச்சோம். பாதி வாழை பிழைச்சுது.

அப்புறம் நானும் ஒரு பல்பு வாங்கிட்டேன். நேத்து சிந்தினது ஏன்னா, அதைத் தம்பி மகன் இரவல் வாங்கிட்டுப் போயி இன்னும் திருப்பித் தரலை. பல்பு இல்லாத அன்னைக்கு ஒரு சின்ன வித்தை இருக்கு. கேனோட வாய் ஒரு ஓரமா இருக்கும்ல, ஊத்துறப்போ அந்த வாய் மேல் பக்கமா வர்ற மாதிரி கேனைப் படுக்க வச்சு ஊத்துங்க. காத்துக்கு இடம் கிடைச்சு எண்ணெய் அமைதியா வரும். நாம எல்லாரும் வாயைக் கீழ வச்சுத்தான் ஊத்திப் பழகியிருக்கோம், நேத்து அவசரத்துல நானும் அப்படித்தான். டீசல் கேன்னா எதிர் மூலையில ஒரு ஓட்டை போட்டு ரப்பரும் திருகும் வச்சுக்கிடலாம். புதுக் கேன்ல போடணும், எண்ணெய் கண்ட கேன்ல கம்பியைக் காய்ச்சி வச்சுடாதீங்க. சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷர் போட்டா ஒரு மாசத்துல உப்பிடும், எண்ணெய் தாங்குற ரப்பரே கேட்டு வாங்குங்க. பல்க்குல பிடிக்கிறப்போ கேனை பைக் மேலயோ வேன் மேலயோ வச்சுப் பிடிக்காதீங்க, தரையில இறக்கி வச்சுப் பிடிங்க. வாயால உறிஞ்சாதீங்க. தொண்டைக்குள்ள போறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் ஆபத்து.

உலோக கேன் எங்க ஊரு உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்குமேன்னு கேட்டா, பிடிக்கும். வருஷம் ஒரு பெயின்ட் அடிக்கணும். வள்ளத்துக்கு அடிக்கிறவங்க இருக்கிற ஊருல அது ஒரு வேலையா?

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. காத்துக் குழாயும் லீவர் மூடியும் வச்ச உலோக கேன், நம்பர் அடிச்சு, ஆதாரைப் பாத்து எழுதிக்கிட்டு பல்க்குலயே விக்கட்டும். அந்த கேனோட வந்தா மறுபேச்சில்லாம ஊத்தட்டும். பாட்டிலோட வர்றவனை அதுக்குப் பிறகு தாராளமா விரட்டட்டும்.

போன வாரம் ஆத்தூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில ஜெர்ரி கேன் இருக்கான்னு கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு அண்ணாச்சி எண்ணெய்க்கு வாங்குறா? ஜீப்புக்குப் பின்னால அழகுக்கு மாட்டுறதுக்குன்னு ஆன்லைன்ல வருது, சிவப்பு வேணுமா பச்சை வேணுமா?"ன்னார். உள்ள காத்துக் குழாய் இருக்குமான்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கான்னு என்னையவே திருப்பிக் கேக்குறார். பச்சையில ஒண்ணு சொல்லி வச்சுட்டு வந்திருக்கேன்.