வண்டுக்கு வண்ணம் பூசினது யாரு?

250 வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல அச்சான ஒரு வண்டுப் படத்தைப் பத்திப் பேசலாம். வெள்ளி வியாபாரி ட்ரு ட்ரூரி, 1770-ல பூச்சிகள் பத்தி ஒரு புத்தகம் போட ஆரம்பிச்சார். மூணாவது தொகுதி வந்தது 1782-ல. படங்களைப் போட்டவர் மோசஸ் ஹாரிஸ். நாம எடிட்டிங் ஆப்ல பாக்குற கலர் வீல் மாதிரி ஒண்ணை அந்தக் காலத்துலயே அச்சுல கொண்டுவந்த மனுஷன். புத்தகம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. வண்டோட கால்ல இருக்குற முள்ளு வரைக்கும் தெரியும்.

ஆனா என் கேள்வி வேற. அந்த வண்ணத்தைப் பூசினது யாரு?

செப்புத் தகட்டுல கோடு கோடா செதுக்கி, மை தடவி, மேல இருக்குறதைத் துடைச்சிட்டு, ஈரக் காகிதத்தை வச்சு அழுத்துவாங்க. வெளிய வர்றது வெறும் கறுப்புக் கோடுதான். கலர் எல்லாம் அதுக்கப்புறம், ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியா, பிரஷ்ஷால. ஒரு தொகுதியில 50 படம். நூறு பிரதின்னு வச்சுக்கிட்டாலே 5000 தாள்! அந்தக் காலத்துல பல பட்டறைகள்ல பெண்களும் சிறுவர்களும் வரிசையா உட்கார்ந்து, மாதிரித் தாளைப் பார்த்துப் பார்த்து இந்த வேலையைச் செஞ்சாங்க.

இது அலங்காரம் மட்டும் இல்ல. நிறைய வண்டுகளை அடையாளம் காண நிறமும் புள்ளியும் முக்கியம். பூசுறவங்க ஒரு புள்ளியை விட்டுட்டா, படிக்கிறவருக்கு அது வேற வண்டாத் தெரியலாம்.

இந்த மாதிரிப் பழைய படங்களோட அடியில பொடி எழுத்துல பேர் இருக்கும். இடது பக்கம் வரைஞ்சவர், வலது பக்கம் செதுக்கினவர். வண்ணம் பூசினவங்களுக்கு இடமே கிடையாது.

"அவங்க மாதிரியைப் பார்த்துக் காப்பிதானே அடிச்சாங்க? கூலியும் வாங்கிட்டாங்கல்ல?"ன்னு நீங்க கேக்கலாம். செதுக்கினவரும் வரைஞ்சதைப் பார்த்துதான் செதுக்கினார். அவரும் கூலி வாங்கினார். அவர் பேர் மட்டும் எப்படி வந்துச்சு?

பழைய கதைன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம டீப் லேர்னிங் ப்ராஜெக்ட்டுக்கெல்லாம் அடித்தளமான இமேஜ்நெட்லயும் வண்டுகள் இருக்கு. இது சாண வண்டு, இது காண்டாமிருக வண்டுன்னு படம் படமாப் பார்த்து உறுதி செஞ்சவங்க, அமேசானோட மெக்கானிக்கல் டர்க் வழியா சில்லறைக் கூலிக்கு வேலை பார்த்தவங்க. 2009-ல வந்த ஆய்வுக் கட்டுரையில ஆசிரியர் பட்டியல் இருக்கு. இவங்க அதுல இல்ல. தகடு போய் சர்வர் வந்துடுச்சு. அடியில இருக்குற காலி இடம் அப்படியேதான் இருக்கு.

அந்தப் பெண்களோட பேரை இனி நம்மால எழுத முடியாது. ஆனா ஃபைனல் இயர் ரிப்போர்ட்டோட நன்றிப் பக்கம் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. அதை சீனியர் ரிப்போர்ட்ல இருந்து அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. உங்களுக்காக ராத்திரி முழுக்க படம் லேபிள் பண்ண ஜூனியர், லேத்ல பார்ட் கடைஞ்சு கொடுத்த ஒர்க்‌ஷாப் அண்ணன், சால்டரிங் சரி பண்ணிக் கொடுத்த லேப் அக்கா: இவங்க பேரைக் கேட்டு, இனிஷியலோட, ஸ்பெல்லிங் தப்பில்லாம எழுதுங்க.

பைண்டிங்குக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி செய்ங்க. அப்புறம் செய்ய முடியாது.