மானமாம், மானம்!

"எதிரிச் சாதிக்காரனையா காதலித்தாள்? குல மானம் போயிற்றே! தமிழ்ப் பண்பாடு பாழாயிற்றே!" என்று மீசை முறுக்குகிறார்கள். எந்தத் தமிழ் இதனைக் கற்பித்தது என்று கேட்கிறோம்.

பெற்றோரை விட்டுக் காதலனோடு மகள் புறப்படுவதை 'உடன்போக்கு' எனப் பெயரிட்டுப் பாடினர் சங்கச் சான்றோர். சுற்றத்தார் தேடி வருவர் என்ற அச்சமும் அப்பாட்டுகளில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மகளைத் தேடிப் பாலைவழி வந்த தாயிடம், அவள் சென்றதும் அறநெறியே என்று எடுத்துரைக்கிறார்களே வழியிற் கண்டோர், கலித்தொகையில்! அந்தத் தாய் அழுதாள், நஞ்சேந்தி வரவில்லை.

விருத்தாசலம் வட்டாரத்தில் 2003-இல் நடந்ததென்ன? சாதி கடந்து காதலித்து, முறைப்படி பதிவுத் திருமணமும் செய்துகொண்ட இணையரைப் பிடித்திழுத்து வந்து, ஊரார் கண்ணெதிரே நஞ்சு புகட்டிக் கொன்றனர், உடல்களை எரித்தனர். புகட்டியோருள் முன்நின்றவர் பெண்ணின் உடன்பிறந்தவர்! அந்தோ, தங்கையென்று தூக்கி வளர்த்த கை!

கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021-இல். பதினெட்டு ஆண்டுகள்! உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025-இல். தண்டிக்கப்பட்டோர் வரிசையில், மக்களைக் காக்கச் சம்பளம் பெற்ற காவல்துறையினர் இருவரும் நின்றனர்.

இத்தனைக்கும் பின்னர், 'மானக் கொலை' என்று கூசாமல் சொல்கிறீரே! கொன்றதில் மானம் எங்கே இருந்தது? இந்த வாயாலா மேடையேறிச் சங்கத்தமிழ் பாடுகிறீர்?