9 வோல்ற் பற்றரியை விடுங்கோ

தோட்டத்தில மண் ஈரம் அளக்கிற கருவி செய்ய வெளிக்கிடுற கனபேர் முதலில வாங்கிறது சதுர 9 வோல்ற் பற்றரியும் 7805 றெகுலேற்றரும்தான். 5 வோல்ற் வரும், உண்மை. மிச்ச 4 வோல்ற் சூடாகப் போகும். அதாவது 44 வீதம் வீண். அதைவிட மோசம், அந்த 7805 சும்மா இருக்கேக்கையே சுமார் 5 மில்லி அம்பியர் குடிக்கும். பற்றரியின் கொள்ளளவோ 500 மில்லி அம்பியர் மணி அளவுதான். எதையும் அளக்காமலே நாலு நாளில கதை முடிஞ்சுது. ஒரு போகம் முழுக்க நிற்க வேண்டிய கருவி இது!

ஒரு 18650 லித்தியம் கலம் போதும் எண்டுதான் நான் சொல்லுவன். மைக்ரோகொன்ட்ரோலருக்கு 3.3 வோல்ற் எப்பவும் வேணும். அதுக்கு எம்சிபி1700 மாதிரி ஒண்டைப் போடுங்கோ, தனக்கெண்டு எடுக்கிறது 2 மைக்ரோ அம்பியரும் வராது. (250 மில்லி அம்பியருக்கு மேல தராது, வைஃபை உள்ள போர்ட்டுக்குச் சரிவராது.) கலம் 3.5 வோல்ற்றுக்குக் கீழ இறங்கினால் 3.3 தளம்பும். அதுக்காக பக்-பூஸ்ற் தேடி அலையத் தேவையில்லை. அந்த நேரம் கலத்தில மிஞ்சியிருக்கிறது கொஞ்சம்தான்.

5 வோல்ற் கேட்கிற சென்சருக்குத் தனியா ஒரு பூஸ்ற் கொன்வேட்டர். அளக்கிற அந்த ஒரு செக்கனுக்கு மட்டும் அதை எழுப்பினால் காணும், மற்ற நேரம் முழுசா அணைஞ்சு கிடக்கட்டும்.