சொந்தக்காரர் இல்லாத ஸ்தாபனம்

1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மையாமி நகரத்தில் ஒரு மகாநாடு கூடிற்று. 83 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 1500 பெண்மணிகள் வந்திருந்தார்கள். காடு அழிவதும், ஆறு நஞ்சாவதும், குடிதண்ணீர் தூரமாவதும் முதன் முதலில் யார் தலையில் விழுகின்றன என்று விசாரித்து, குடம் சுமப்பவள் தலையில்தான் என்று விடையும் கண்டார்கள். அடுத்த ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் கூடவிருந்த உலக மகாநாட்டின் முன் வைப்பதற்கென்று ஒரு கோரிக்கைப் பத்திரமும் தயாராயிற்று. 1992-இல் அங்கே அரசாங்கங்கள் ஒப்புக்கொண்ட 'அஜெண்டா 21' என்னும் திட்டத்தில் இருபத்து நான்காம் அத்தியாயம் முழுவதும் பெண்களைப் பற்றியதாக அமைந்ததற்கு இவர்களுடைய உழைப்பும் ஒரு காரணமாகும்.

மகாநாட்டைக் கூட்டிய ஸ்தாபனத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'பெண்கள் சுற்றுச்சூழல் அபிவிருத்தி ஸ்தாபனம்' என்றாகும். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'வீடோ' என்பார்கள். நடுவில் ஓர் எழுத்து மிகுந்தால் 'வீட்டோ' ஆகிவிடும்; அது வேறு சபையின் வேறு சங்கதி. ஆங்கிலம் அறிந்தவர் காதில் இப்பெயர் 'நாங்கள் செய்கிறோம்' என்று ஒலிக்கும். நியூயார்க் நகரில் இதைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமானவர்கள் பெல்லா அப்ஸக் அம்மையாரும் அவருடைய நெடுநாளைத் தோழி மிம் கெல்பர் அம்மையாரும் ஆவர். அப்ஸக் அம்மையார் வக்கீல். 1971 முதல் 1977 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அங்கத்தினர். அகன்ற விளிம்புத் தொப்பியும் உரத்த குரலும் அவரை அந்நாடெங்கும் பிரசித்தமாக்கியிருந்தன.

இவர்களுடைய பிரசங்கங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய ஸ்தாபனத்தின் நிர்வாக சபை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். எழுதினாலும் படிப்பவர் யார் என்று நேயர்கள் கேட்கலாம். நாம் வகுப்பில் இந்த விஷயத்தைச் சொல்லிக் கொண்டிருந்தபோது, கடைசிப் பெஞ்சுக்காரன் ஒருவன் எழுந்து, "அந்த ஸ்தாபனத்துக்கு முதலாளி யார், ஸார்?" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி மிக நல்ல கேள்வி. கம்பெனி என்றால் பங்குதாரர் உண்டு. அரசாங்கம் என்றால் வோட்டர் உண்டு. தர்ம ஸ்தாபனத்துக்கோ சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. கோயில் நிலத்தை ஆளும் தர்மகர்த்தாவுக்கு அதில் ஒரு பிடி நெல்லும் சொந்தமில்லை அல்லவா? அதே நிலைமைதான் இந்த நிர்வாக சபையாருக்கும். ஆளுவார்கள், அனுபவிக்க மாட்டார்கள்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். நியூயார்க் ராஜ்யச் சட்டப்படி இத்தகைய சபையில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் அக்கிராசனராவது பொதுவில் தகாது. மொத்த சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்துக் காரணத்தை எழுதி வைத்தால் மட்டுமே விலக்கு உண்டு. தமக்கோ தம் சுற்றத்தாருக்கோ ஆதாயமுள்ள விஷயத்தில் சபையார் எப்படி ஒதுங்கி நிற்பது என்பதற்கு எழுத்து மூலமான விதி வேண்டும் என்று 2013-இல் இயற்றிய சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மீறினால் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் கேட்பார். வருமான வரி விலக்குப் பெற்ற ஸ்தாபனமாகையால் லாபத்தை யாரும் பங்கிட்டுக்கொள்ளவும் கூடாது, தேர்தலில் எந்த அபேட்சகருக்கும் சார்பாகவோ விரோதமாகவோ வேலை செய்யவும் கூடாது. வாழ்நாளெல்லாம் தேர்தல் களத்திலே நின்ற அப்ஸக் அம்மையார் இந்தக் கடைசி விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு ஸ்தாபனத்தை நடத்தினார் என்பதை நினைத்தால் நமக்குப் புன்னகை வருகிறது.

சட்டம் இவ்வளவுதான். கூட்டம் நடப்பதோ வேறு கதை. இப்பொழுதெல்லாம் கூட்டங்கள் பெரும்பாலும் கணினித் திரையிலேயே நடந்து விடுகின்றன. கோடைக் காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். நைரோபியில் இருப்பவருக்கு மாலை 4 மணி. டில்லியில் இருப்பவருக்கு 6.30. பீஜித் தீவில் இருக்கும் அம்மணிக்கோ மறு நாள் பிறந்து நள்ளிரவு 1 மணி! கண்ணைக் கசக்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர் முன், சில நாட்களுக்கு முன்பு அனுப்பிய ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். வரவு செலவுத் திட்டம், தணிக்கையாளர் அறிக்கை, நிர்வாக டைரக்டரின் வேலை விவரம், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்திலே, அதிலும் கணக்கர்களுக்கே உரிய ஆங்கிலத்திலே எழுதியிருக்கும். தம் கிராமத்தில் ஆயிரம் பேரைத் திரட்டக்கூடிய பெண்மணி, 'நிபந்தனைக்குட்பட்ட நிதி', 'நிபந்தனையற்ற நிதி' என்னும் இரண்டு பத்திகளைக் கண்டு வாய் திறவாமல் இருந்து விடுகிறார். கேட்டால் பேதைமை என்று எண்ணுவார்களோ என்ற கூச்சம். "ஆட்சேபம் உண்டா?" என்று அக்கிராசனர் கேட்கிறார். ஒருவரும் பேசவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

இந்த மௌனத்தைத்தான் நாம் அஞ்சுகிறோம். திருடர்களைக் காட்டிலும் மௌனிகளால் தர்ம ஸ்தாபனங்களுக்கு அதிக சேதம் என்பது நம் அபிப்பிராயம். இரண்டு பத்திகளின் வித்தியாசம் அற்ப விஷயமன்று. ஒரு நன்கொடையாளர் விதை வாங்கக் கொடுத்த பணத்தை ஆபீஸ் வாடகைக்குச் செலவிட முடியாது. பெட்டியிலே லட்சக்கணக்கான டாலர் இருக்கும்; சம்பளம் போடுவதற்கோ காசிராது. இதைக் கண்டு பிடித்து, "அடுத்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?" என்று கேட்க வேண்டியவர்கள் சபையார்தாம். மிகப் பெரிய ஸ்தாபனங்களும் இவ்விஷயத்தில் இடறி இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் தலைமை அலுவலகம் கொண்ட கிரீன்பீஸ் ஸ்தாபனம் பெண்கள் ஸ்தாபனமல்ல எனினும் சுற்றுச்சூழல் துறையில் உலகப் புகழ் பெற்றது. அதன் பொருளாதாரப் பகுதி ஊழியர் ஒருவர் தம் அதிகார வரம்பை மீறி அந்நிய நாணய ஒப்பந்தங்கள் செய்ததனால் 38 லட்சம் யூரோ நஷ்டமாயிற்று என்று 2014-இல் அந்த ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது. திமிங்கிலத்தைக் காப்பதற்கென்று யாரோ ஒரு மாணவனும் யாரோ ஒரு பாட்டியும் அனுப்பிய பணம் அது.

கணக்குச் சுத்தமாயிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வங்காரி மாத்தாய் அம்மையாரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் இலர். 1977-இல் கென்யா நாட்டில் அவர் தொடங்கிய 'பசுமை வளைய இயக்க'த்தின் மூலம் கிராமப் பெண்கள் கோடிக்கணக்கான மரங்களை நட்டார்கள். 1989-இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டிடம் ஒன்று எழும்ப இருந்ததை அம்மையார் எதிர்த்தார். சர்க்கார் சும்மா இருக்குமா? இயக்கத்தை அதன் ஆபீஸிலிருந்து வெளியேற்றியது. மேஜை நாற்காலியெல்லாம் அம்மையார் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பிறகு இயக்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. எங்கேனும் ஒரு ரூபாய் இடித்தாலும் போதும், இயக்கத்தை இழுத்து மூடி விடலாம்! அம்மாதிரி ஒரு சாக்கு அகப்படவில்லை. கட்டிடத் திட்டந்தான் கைவிடப்பட்டது. இந்தச் சோதனையைக் கடந்து வந்தவர் சிறிது காலத்துக்கெல்லாம் வீடோவின் தலைமையில் பங்கு கொண்டார் என்பது அந்த ஸ்தாபனத்தின் பாக்கியம்.

ஆம், ஆரம்ப வருஷங்களில் வீடோவின் அக்கிராசன ஸ்தானத்தைப் பல நாட்டுப் பெண்மணிகள் சேர்ந்தே வகித்தார்கள். கென்யாவிலிருந்து மாத்தாய் அம்மையார், நம் நாட்டிலிருந்து ஸ்ரீமதி வந்தனா சிவா, பிரேஸிலிலிருந்து தாயிஸ் கொரால் அம்மையார், பார்படோஸ் தீவிலிருந்து பெகி அன்ட்ரோபஸ் அம்மையார் இப்படி. நியூயார்க்கில் இருப்பவர்களே உலகத்துக்காக யோசித்து முடித்து விடக் கூடாது என்பதே இதன் கருத்து. நல்ல ஏற்பாடு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் ஒன்று மனத்தை உறுத்துகிறது. இவர்களை இந்த ஸ்தானத்தில் அமர்த்துபவர் யார்? இத்தகைய தர்ம ஸ்தாபனங்கள் பலவற்றில் வோட்டுப் போடும் பொது அங்கத்தினரே கிடையாது. இருக்கும் சபையார் புதிய சபையாரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். புதியவர் பழையவராகிப் பின்னும் சிலரைப் பொறுக்குகிறார். எந்தப் பெண்ணின் பெயரால் நன்கொடை வருகிறதோ, அந்தக் குடம் சுமக்கும் பெண்ணுக்கு வோட்டு இல்லை. அமெரிக்க வரி இலாகாவுக்கு வருஷந்தோறும் செலுத்தும் 990-ஆம் எண் படிவத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சபையில் வோட்டுள்ளவர் எத்தனை பேர், அவர்களில் சுயேச்சையானவர் எத்தனை பேர், ஒருவருக்கொருவர் உறவினரா, நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படுகிறதா என்றெல்லாம் அதிலே கேள்விகள் உண்டு. சபையில் எவரேனும் குடம் சுமந்ததுண்டா என்ற கேள்வி இல்லை.

உலகமெங்கும் தேர்தல் வைத்து விட்டால் இந்தக் குறை தீரும் என்று நாம் சொல்ல மாட்டோம். யார் யாருக்கு வோட்டு என்பதை நிச்சயிப்பதற்கே ஸ்தாபனத்தின் பணம் முழுவதும் செலவாகி விடும். ஆனால் இரண்டொரு காரியங்கள் அசாத்தியமல்ல. சபையாருக்குக் கால வரம்பு வைத்து, கெடு முடிந்ததும் விலகச் செய்யலாம். காகிதக் கட்டை அவரவர் பாஷையில் அனுப்பலாம். கணக்குத் தெரிந்த ஒருவர் கூட்டத்துக்கு முந்தைய நாளே புதியவருடன் அரை மணி உட்கார்ந்து விளக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் விளங்காத பையனுக்கு இவ்வளவு செய்யாத வாத்தியார் உண்டா? நள்ளிரவு 1 மணி எப்பொழுதும் பீஜித் தீவுக்கே வராமல், ஒரு முறையேனும் நியூயார்க்குக்கு வரும்படி கூட்ட நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதற்கு ஒரு டாலரும் செலவில்லை.

வீடோவிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஏனெனில் 2000-ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனம், 2005-க்குள் ராஜாங்க சபைகளில் சரிபாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று உலக அரசாங்கங்களைப் பார்த்து ஓர் இயக்கம் ஆரம்பித்தது. "உங்கள் சபையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று பிறரைக் கேட்டவர்கள், அதே கேள்வி தம்மிடம் திரும்பி வரும்போது முகம் சுளிக்க முடியாது.

அந்த இயக்கம் ஆரம்பமானபோது அப்ஸக் அம்மையார் உயிருடன் இல்லை. 1998 மார்ச் 31-ஆம் தேதி அவர் காலமானார். நிறுவியவர் மறைந்த மறு நாளில்தான் நிர்வாக சபை என்று ஒன்று மெய்யாகவே இருந்ததா, இல்லை, அது ஒரு பெரிய தொப்பியின் நிழல்தானா என்பது வெளியாகும். எத்தனையோ ஸ்தாபனங்கள் அந்த நாளைத் தாண்டியதில்லை. வீடோ தாண்டிற்று. 2009-இல், ஏழை நாடுகளின் பெண் பிரதிநிதிகள் உலக சீதோஷ்ண மாறுதல் பேச்சுக்களுக்கு வந்து போவதற்குப் பிரயாணச் செலவும், பேச்சு வார்த்தை நடத்துவதில் பயிற்சியும் கிடைக்கும்படி ஒரு தனி நிதி ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை வீடோ ஏற்றுக்கொண்டது. அப்படிப் பயிற்சி பெறுபவர்களில் சிலரேனும் தன் சபைக்கே வந்து, அந்த இரண்டு பத்திகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கூசாமல் கேட்கும்படி செய்யுமானால் நாம் மிகவும் சந்தோஷப்படுவோம்.