காமாலை காட்டும் குறி

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்” என்பது பழமொழி. உண்மையில், காமாலை உற்றவர்க்கு உலகம் மஞ்சளாய்த் தோன்றுவது இயல்பன்று. அவருடைய கண்களே பிறர்க்கு மஞ்சளாய்த் தோன்றுகின்றன. ஆயினும், அப்பழமொழி வேறொரு வகையில் நமக்குப் பொருந்துகின்றது. கண்ணில் மஞ்சளைக் கண்ட அளவிலே, காமாலை எல்லாம் ஒன்றே, அதற்கு மருந்தும் ஒன்றே என்று நாம் முடிவு கட்டிவிடுகின்றோம். இம்முடிவு பிழையானது, உயிர்க்கும் கேடு தருவது.

காமாலை நோயன்று, நோயின் அறிகுறியே ஆகும். வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளின் கீழ் அமைந்துள்ளது கல்லீரல். அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உணவின் சத்தைப் பக்குவப்படுத்துதல், நஞ்சை முறித்தல், பித்தநீரைச் சுரத்தல் ஆகியன அதன் பணிகளுட் சில. குருதியிலுள்ள பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகின்றது. கல்லீரல் அதனைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பி வெளியேற்றுகின்றது. கல்லீரல் நலிவுறினும், பித்தநீர் செல்லும் குழாய் அடைபடினும், சிவப்பணுக்கள் அளவிறந்து சிதையினும், அப்பொருள் குருதியில் மிகுந்து கண்ணிலும் தோலிலும் படிகின்றது. குறி ஒன்று, காரணமோ பல.

காமாலை கண்டால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது நம் நாட்டு வழக்கம். பச்சிலையை இகழ்தல் நம் நோக்கமன்று. சென்னை அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, ஹெபடைட்டிஸ் பி வைரசை அது ஒடுக்கக்கூடும் என்று 1988ஆம் ஆண்டில் எழுதினர். அவ்வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் அவ்வாய்வில் பங்கு கொண்டார். எனினும், பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை.

அங்ஙனமாயின், பச்சிலை உண்டோர் பலர் நலம் பெறுவது எவ்வாறு? 1955-56இல் தில்லியில், குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அது ஹெபடைட்டிஸ் ஈ வைரசின் விளைவென்று பின்னர் அறியப்பட்டது. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற்போல, புகழ் பச்சிலையைச் சேர்கின்றது. ஆயினும், கருவுற்ற மகளிர்க்கு ஈ வகை உயிரச்சம் தருவது.

குருதி வழியே பரவும் பி, சி வகைகளோ பல்லாண்டுகள் மறைந்திருந்து, கல்லீரலை இறுகச் செய்து, புற்றுநோயையும் விளைவிக்க வல்லன. இன்று சி வகையைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரைகளால் முற்றும் நீக்கலாம். பி வகையை அடக்கி வைக்கலாம். பித்தக்கல் அடைப்புக்குக் கல்லை அகற்றுதலே வழி. இத்தகையோர் பச்சிலையை நம்பிக் காத்திருத்தல், காக்கும் காலத்தைக் கைநழுவ விடுதலாகும்.

ஆதலால், குறிகளை அறிந்து வைத்தல் வேண்டும். பசியின்மை, ஓயாச் சோர்வு, குமட்டல், சிறுநீர் கருமஞ்சளாதல், மலம் வெளுத்தல், தோல் அரித்தல், வயிறும் காலும் வீங்குதல் ஆகியவற்றைப் புறக்கணித்தல் கூடாது. அறிவு தடுமாறினும், குருதி வாந்தி எடுப்பினும் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

வருமுன் காத்தல் அரிதன்று. நீரைக் காய்ச்சிப் பருகுக, உண்ணுமுன் கைகளைக் கழுவுக, பிறர் சவரக்கத்தியைப் பயன்படுத்தற்க, மதுவை நாடற்க, உடல் பருக்காவண்ணம் அளவோடு உண்க. மருத்துவரைக் கேளாது மாத்திரையோ மூலிகையோ உட்கொள்ளற்க. அவற்றுட் சில கல்லீரலையே கெடுக்கும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி இடுதல் நன்று.

மாணவர்களே! வீட்டில் ஒருவர் கண் மஞ்சளித்தால், “மூன்று நாள் பார்ப்போம்” என்று பெரியோர் கூறக்கூடும். அவர்களிடம் பணிவோடும் உறுதியோடும், “முதலில் குருதியைச் சோதிப்போம்” என்று சொல்லுங்கள். மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுதலே அறிவுடைமை. நீங்கள் கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்கும் இடம் அதுவே.