அளிக்கலாம், அளிக்க வேண்டும்

இந்திய மாநிலம் ஒன்றின் சட்டமன்றத்துக்குப் போட்டியிட விரும்புபவரிடம் அரசமைப்புச் சட்டம் கேட்பவை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 173ஆம் உறுப்பின்படி அவர் இந்தியக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்றாம் அட்டவணையில் கண்டவாறு உறுதிமொழி ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அந்த மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதையும், தனித்தொகுதியாயின் உரிய பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சேர்க்கிறது. சொத்து வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட எங்கும் சொல்லப்படவில்லை. பிரதிநிதிகளுக்குக் கல்வித் தகுதி ஏதும் வகுக்க இயலாமற்போனது குறித்து இராஜேந்திர பிரசாத் 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பு நிர்ணய சபையிலேயே வருந்தினார். ஹரியானாவின் ஊராட்சித் தேர்தல்களுக்குப் பள்ளிப்படிப்பைத் தகுதியாக்கிய சட்டத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது அந்த வருத்தம் மறுபிறவி எடுத்தது. சட்டமன்றத்தின் வாசலில் மட்டும் அத்தகைய சுவர் இன்றுவரை எழவில்லை. எழவும் கூடாது.

ஆனால் தகுதி பெற்றிருப்பது வேறு. அத்தகுதியைக் குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள், குறித்த தாளில் நிறுவுவது வேறு. அரசமைப்புச் சட்டம் அகலத் திறந்து வைத்த கதவை ஒருக்களித்து வைப்பது இந்த இரண்டாவது வேலைதான். இது குறித்துப் பொதுவெளியில் நடக்கும் பேச்சு மிகக் குறைவு. வேட்பாளரின் குற்றப் பின்னணி பற்றியும் சொத்துக் கணக்கு பற்றியும் விவாதிப்பவர்கள், நிராகரிக்கப்பட்ட மனுக்களின் பட்டியலைப் புரட்டுவதில்லை. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் யாரென்று தெரியாதவர்கள். தெரியவரும் முன்பே நீக்கப்பட்டவர்கள்.

நடைமுறை இதுதான். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாம் நாள் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வேட்பாளரோ அவரை முன்மொழிபவரோ நேரில் சென்று படிவம் 2பி-யைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் பெறாத கட்சியினருக்கும் அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. வேட்பாளர் வேறு தொகுதியின் வாக்காளர் என்றால் அத்தொகுதிப் பட்டியலின் உரிய பகுதிக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். கூடவே, நோட்டரியோ குற்றவியல் நடுவரோ சான்றளித்த படிவம் 26 பிரமாணப் பத்திரம். இவற்றோடு உறுதிமொழியும் உண்டு.

உறுதிமொழியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. தொடக்கத்தில் அது வேட்பாளருக்கு விதிக்கப்படவில்லை. வென்றவர் பதவியேற்கையில் எடுத்தால் போதுமாக இருந்தது. 1963ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தமே அதை மனுத்தாக்கல் கட்டத்துக்குக் கொண்டுவந்தது. திராவிட நாடு உள்ளிட்ட பிரிவினைக் கோரிக்கைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திருத்தம் அது. அன்றைய அச்சம் அகன்று பல தலைமுறைகள் ஆகிவிட்டன, சடங்கு நிற்கிறது. அதன் வாசகம் ‘வேட்பாளராக முன்மொழியப்பட்டுள்ள நான்’ என்ற பொருளில் தொடங்குவதால், மனு கொடுப்பதற்கு முன்னர் அதை எடுக்க இயலாது. பரிசீலனை நாளுக்கு முன்னரே எடுத்துவிட வேண்டும் என்று பீகார் வழக்கொன்றில் 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பரிசீலனையோ கடைசி நாளுக்கு மறுநாள். ஆகவே கடைசி நாளில் மனு கொடுப்பவர் அன்றைய பொழுதுக்குள் உறுதிமொழியையும் முடித்தாக வேண்டும். ஒரு வினைச்சொல்லின் காலம் தவறினால் மனு தள்ளுபடி.

படிவம் 26 இதைவிட நுட்பமானது. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று 2002இலும் 2003இலும் வந்த தீர்ப்புகளின் விளைவு இது. இந்தியத் தேர்தல் சட்டத்தில் நிகழ்ந்த நல்ல மாற்றங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. சிக்கல், வெற்றிடத்தை எவ்வாறு வாசிப்பது என்பதில் எழுந்தது. பலர் வேண்டுமென்றே கட்டங்களைக் காலியாக விட்டு வந்தார்கள். காலியாக விட்ட பத்திரம் வாக்காளரின் உரிமையைப் பறிக்கிறது என்றும், நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்றும் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அன்றுமுதல் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இல்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியாது’ என்பவற்றுள் ஒன்றை எழுதியாக வேண்டும். தமிழ் இலக்கணத்தில் உருபு தொக்கு நின்றாலும் பொருள் உண்டு; அதைத் தொகை என்பர். படிவம் 26இல் தொக்கு நிற்பதற்கு இடமில்லை. நிலமே இல்லாத ஒரு கூலித் தொழிலாளி நிலத்துக்கான கட்டத்தில் என்ன எழுதுவார்? இல்லாததை இல்லை என்று எழுதத் தோன்றாமல் விட்டுவிடுவதே மனித இயல்பு. கணக்காயரும் வழக்கறிஞரும் உடையவர் அவ்வாறு விடமாட்டார். மறைப்பவரைப் பிடிக்க விரித்த வலையில், மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவரும் விழுகிறார்.

எழுத்தறியாதவர்கள் நிலை இதனினும் பழையது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த நாட்டில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. பஞ்சாப் சட்டமன்றத் தேர்தலில் எழுதத் தெரியாத சிலர் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் பெருவிரல் ரேகை வைத்தார்கள். ரேகையை அலுவலர் முன்னிலையில் வைத்து, அவர் அதற்குச் சான்றளித்திருக்க வேண்டும் என்பது விதி. சான்று இல்லை, மனுக்கள் தள்ளப்பட்டன. இரத்தன் அன்மோல் சிங் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பைச் சரியென்றது. சான்றளிப்பு சாரமான தேவை. மனு அளிக்கும் கட்டத்தில் அறவே விடுபட்டதைப் பரிசீலனைக் கட்டத்தில் சேர்க்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். விதி இன்றும் மாறவில்லை. கையெழுத்தைப் போலச் செய்வது எளிது; ரேகையைப் போலச் செய்வது அரிது. ஆயினும் சட்டம் கிறுக்கலாயினும் கையெழுத்தை நம்பிவிடுகிறது. ரேகைக்குச் சாட்சி கேட்கிறது. படிக்காதவரும் போட்டியிடலாம் என்று சொன்ன அரசமைப்புக்கும் அந்த விதிக்கும் இடையே உள்ள பிணக்கை எவரும் இன்னும் தீர்த்துவைக்கவில்லை.

தவறாக நிராகரிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லலாமே என்று கேட்கத் தோன்றும். செல்லலாம், தேர்தல் முடிந்த பிறகு. அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் தாக்கல் செய்த மனு தள்ளப்பட்டதை எதிர்த்து பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில் 1952 சனவரியில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. 329ஆம் உறுப்பில் உள்ள ‘தேர்தல்’ என்ற சொல் வாக்குப்பதிவை மட்டும் குறிக்காது. அறிவிக்கை முதல் முடிவு வரையிலான முழுச் செயலையும் குறிக்கும். ஆகவே இடையில் எந்த நீதிமன்றமும் தலையிடலாகாது. தேர்தல் மனு ஒன்றே வழி. தேர்தல்கள் வழக்குகளில் சிக்கித் தேங்காமலிருக்க இந்நெறி உதவியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் விலையைக் கொடுப்பவர் மட்டும் எப்போதும் ஒருவரே.

தேர்தல் மனுவை முடிவு வந்த 45 நாள்களுக்குள் தொடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உத்தரப் பிரதேசத்தின் சுவார் தொகுதியில் 2017இல் வென்ற அப்துல்லா ஆசம் கானுக்கு மனுத்தாக்கலின்போது 25 வயது நிறையவில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது 2019 டிசம்பரில்; உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2022 நவம்பரில். அது தவறாக ஏற்கப்பட்ட மனு. தவறாகத் தள்ளப்பட்ட மனுவுக்கும் நடைபாதை இதே நீளந்தான்.

இவ்விரு தவறுகளையும் சட்டம் ஒன்றாக எடைபோடவில்லை. தவறான ஏற்பு என்றால், அது முடிவைப் பாதித்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். தவறான நிராகரிப்பு என்றால் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு மனு தவறாகத் தள்ளப்பட்டிருந்தாலும் 100ஆம் பிரிவின்படி அந்தத் தேர்தலே செல்லாது. வாக்குச்சீட்டில் இடம்பெறாத ஒருவருக்கு மக்கள் எத்தனை வாக்கு அளித்திருப்பார்கள் என்று எவராலும் கணிக்க இயலாதல்லவா? இத்தனை கனமான தவறு என்று சட்டமே கருதும் ஒன்றை, நிகழும் இடத்திலேயே தடுக்க அது செய்திருக்கும் ஏற்பாடு என்ன?

ஏற்பாடு 36ஆம் பிரிவில் இருக்கிறது. சாரமற்ற குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்கிறது அதன் நான்காம் உட்பிரிவு. ஐந்தாம் உட்பிரிவின் காப்புரை, எதிர்ப்பு எழுந்தால் அதை மறுத்துரைக்கப் பரிசீலனை நாளுக்கு அடுத்ததற்கு அடுத்த நாள் வரை வேட்பாளருக்கு அவகாசம் அளிக்கலாம் என்கிறது. ‘அளிக்கலாம்’. ஆங்கில மூலத்தில் ‘மே’. தமிழின் ‘-லாம்’ ஈறு இசைவையும் குறிக்கும், இயலுமையையும் குறிக்கும். கடப்பாட்டை ஒருபோதும் குறிக்காது. சில சட்டங்களில் ‘மே’ என்பதை ‘ஷல்’ என்று நீதிமன்றங்கள் படித்ததுண்டு. ஆனால் பரிசீலனை மேசையின் முன் நிற்கும் சுயேச்சைக்கு அந்த வாசிப்பு எட்டுவதில்லை. அவருக்கு இரண்டு நாள் கிடைப்பதும் கிடைக்காததும் எதிரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

அந்த ‘அளிக்கலாம்’, ‘அளிக்க வேண்டும்’ என்று ஆக வேண்டும். மறுத்துரைக்க மட்டுமன்றித் திருத்தவும் அந்த இரண்டு நாள் பயன்பட வேண்டும். குறை இன்னது என்று அலுவலர் எழுத்தில் தர வேண்டும். வயது, குடியுரிமை, வைப்புத்தொகை, முன்மொழிபவரின் எண்ணிக்கை ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அவை கடைசி நாள் மூன்று மணிக்கு இருந்தனவா இல்லையா என்பதே கேள்வி. சான்றில்லாத ரேகை, விடுபட்ட நகல், காலியான கட்டம், ஐயத்துக்குரிய கையொப்பம் ஆகியவை வேறு வகை. தேர்தல் அட்டவணை இதனால் ஒரு நாளும் நீளாது. ஏனெனில் மனுவைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாளும் பரிசீலனைக்குப் பின் இரண்டாம் நாளே. அந்நாள் காலைக்குள் முடிவு வந்துவிட்டால் விலகுவோரின் கணக்கும் குலையாது.

இப்போதும் மனு கொடுக்கும்போது விடுபட்டவற்றைக் குறித்துச் சரிபார்ப்புப் பட்டியல் தரப்படுகிறதே, பிரமாணப் பத்திரத்தைப் பரிசீலனை தொடங்கும் வரை மாற்றிக் கொடுக்கலாமே என்பர். உண்மை. முதல் நாளே மனு கொடுத்தவருக்கு அது போதும். கடைசி நாள் பிற்பகலில் கொடுத்தவருக்கு மிஞ்சுவது ஓர் இரவு. முத்திரைத்தாள் விற்பவரும் நோட்டரியும் இரவில் கடை திறந்து வைத்திருப்பதில்லை. பெரிய கட்சியின் வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுத்து வைக்கிறார்; மாற்று வேட்பாளர் ஒருவரையும் நிறுத்தி வைக்கிறார். அவருக்கு இந்த இரவு ஒரு பொருட்டன்று.

வலுவான எதிர்வாதம் மொடக்குறிச்சி. 1996இல் அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. வாசலை அகலமாக்கினால் மீண்டும் அதுதான் நிகழும் என்பது அச்சம். ஆனால் அதற்கான மறுமொழியை நாடாளுமன்றம் அந்த ஆண்டே சொல்லிவிட்டது: வைப்புத்தொகை உயர்ந்தது, பத்து முன்மொழிபவர் என்ற நிபந்தனை வந்தது, 2009இல் தொகை மீண்டும் உயர்ந்தது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாதவர் அதை இழக்கிறார். விளையாட்டு வேட்பாளரைச் சலிப்பதற்கென்றே ஒரு சல்லடை இருக்கையில், பரிசீலனை மேசையை இரண்டாவது சல்லடையாக்க வேண்டியதில்லை. அதில் சலிக்கப்படுவது விளையாட்டன்று, அனுபவமின்மை.

அனுபவமும் புகழும் இருந்தாலும் தப்ப முடியாது என்பதற்கு 2017 டிசம்பரின் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் சான்று. நடிகர் விஷாலை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், அது தங்கள் கையொப்பமன்று என்று சொன்னதன் பேரில் அவரது மனு தள்ளப்பட்டது. அவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்பது வேட்பாளரின் குற்றச்சாட்டு. எது மெய் என்பதை இங்கு தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்த இருவரையும் மறுநாளோ அதற்கு மறுநாளோ நேரில் அழைத்து, எதிர்த்தரப்பும் உடனிருக்க, கையொப்பத்தை ஒப்பிட்டு, எழுத்தில் காரணம் காட்டி முடிவு செய்வதை அலுவலரின் கடமையாகச் சட்டம் வைத்திருக்கவில்லை என்பதுதான் குறை. அன்று தொலைக்காட்சிகள் நள்ளிரவு வரை அதைப் பேசின. அதே குறையால் வேறு தொகுதிகளில் மனு இழக்கும் பெயரறியாதவர்களின் வாசலுக்கு எந்தக் கேமராவும் போவதில்லை. அவர்களுக்கென்று இருப்பது 36ஆம் பிரிவின் அந்த ஒற்றை வினைமுற்று மட்டும்.